மேற்பாத்திக் கோவாவும் மகளின் சொல்லும்

மாசித் திங்களின் உச்சிப்பொழுது. விடியலில் மலையிடுக்குகளையெல்லாம் நிறைத்துக் கிடந்த மூடுபனி, ஞாயிறு ஏற ஏற இழையிழையாய்ப் பிரிந்து மேலெழுந்து மறைந்துவிட, வட்டகொடைப் புகைவண்டி நிலையத்தின் கூரையும், அதனை ஒட்டி வளைந்து செல்லும் இருப்புப்பாதையும், பாதைக்கு மேலும் கீழும் மடிப்பு மடிப்பாய் விரிந்து கிடக்கும் தேயிலைச் சரிவுகளும், சரிவுகளினிடையே தகரக்கூரை மின்ன நிற்கும் தொழிலாளர் குடியிருப்புகளாகிய லய வரிசைகளும், புளியிட்டுத் துலக்கிக் கவிழ்த்த வெண்கலக் கலங்களைப்போல் பளிச்சிட்டன. காலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடை முதுகில் தொங்க, பெண்கள் ஒருவர்பின் ஒருவராய் லயங்களை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். தலவாக்கலைப் பக்கமிருந்து ஏறிவந்த புகைவண்டி, மூச்சிரைக்கும் முதியவரைப்போல் நிலையத்தில் சற்றே நின்று, இரண்டொருவரை இறக்கிவிட்டு, நானுஓயாவை நோக்கி மீண்டும் மெல்ல ஏறத் தொடங்கியது.

கற்றறிந்த நண்பரே, இம்மலைநாட்டை வந்து கண்டு சென்றோர் பலரும் தேயிலையை மட்டுமே கண்டு சென்றனர். தேயிலைக்கு ஒவ்வாதெனத் தோட்டத்தார் கைவிட்ட பள்ளங்களிலும் பாறைச் சரிவுகளிலும், படிக்கட்டுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி அமைக்கப்பட்ட மரக்கறிப் பாத்திகளை நின்று நோக்கினோர் சிலரே. அத்தகைய பாத்திகள் ஒன்பது, நிலையத்துக்கு அண்மையில், தேயிலை முடிந்து காட்டுமரங்கள் தொடங்கும் ஓர் இடுக்கில் இருந்தன. மேல் நான்கிலும் கோவா என இங்கே வழங்கும் முட்டைக்கோசு, புற இலைகளை விரித்து, உள்ளே குருத்துத் திரளத் தொடங்கும் பருவத்தில் நின்றது. கீழ் ஐந்திலும் கரட்டும், வெங்காயத்தாள் போன்ற லீக்சும், பீன்சாகிய போஞ்சியும் வளர்ந்தன. அவற்றுக்கும் கீழே, ஒரு வரப்பைக் கடந்தால், சோலைமலை என்பாரின் பாத்திகள். அங்கும் கோவா, அங்கும் முள்ளங்கி. மேலிருந்து இறங்கும் கான் என்னும் வாய்க்கால் ஒன்றே இரு குடும்பத்தாரின் நிலங்களையும் நனைத்துக்கொண்டு ஓடிற்று.

அந்த உச்சிப்பொழுதில் முதற்பாத்தியின் ஓரத்தில் வினோதா நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தோர் அகவையினள், ஒன்பது பாத்திகளுக்கும் நான்கு திங்களாக உரியவள். விடியலில் அவள் தன் கையாலேயே நீர் இறைத்த கோவாச் செடிகள், நீரே காணாதனபோல் இலை துவண்டு, மண்ணில் சாய்ந்து கிடந்தன. முந்தைய இரண்டு நாளும் அவ்வாறே நண்பகலில் துவண்டு, மாலையில் நிமிர்ந்துகொண்டன. வெயிலின் கொடுமையென்று அவளும் விட்டிருந்தாள். மூன்றாம் நாளும் அதனைக் கண்டபோது, குனிந்து ஒரு செடியை அடித்தண்டோடு பற்றி இழுத்தாள். மெல்லிய வெண்ணூலெனப் படர்ந்திருக்க வேண்டிய வேர், இஞ்சிக் கிழங்கைப்போல் கணுக்கணுவாய்ப் புடைத்து, ஒன்றோடொன்று பின்னி, அழுகல் நாற்றத்தோடு வெளிவந்தது. அடுத்த செடியும் அவ்வாறே. நான்காவது நல்ல வேரோடு வந்தது. ஐந்தாவது மீண்டும் புடைத்து வந்தது. அவள் அவற்றுள் ஒன்றை நெகிழிப்பையிலிட்டுக் கட்டிக்கொண்டு, உண்ணவும் செல்லாமல், தலவாக்கலைக்குச் செல்லும் பேருந்தைப் பிடிக்கப் பாதைக்கு ஏறினாள்.

அவள் பேருந்தில் செல்லும் பொழுதுக்குள் அந்நிலத்தின் வரலாற்றைச் சொல்லிவிடலாம். ஐம்பதாண்டுகளுக்கு முன்னர், தோட்டங்களில் அரிசி அரிதாகி, பசியால் பலர் வீழ்ந்த காலத்தில், வீரய்யா என்னும் தொழிலாளி அவ்விடுக்கில் இருந்த கற்களைப் புரட்டி அணைகட்டி, மண் நிரப்பி, மரவள்ளி நட்டார். பின்னர் அது உருளைக்கிழங்காயிற்று, அதன்பின் கோவாவாயிற்று. தோட்டத்தார் பாராமுகமாய் விட்டதனால் நிலைத்த நிலம் அது. உறுதி என்று ஓர் உரிமை ஏடு அதற்கு எந்நாளும் இருந்ததில்லை. ஆதலின் தந்தை மகனுக்குத் தரத்தக்கது அங்கே ஒன்றுதான்: எதனை நடுவது, எப்போது நடுவது, எதனைப் பிடுங்குவது எனச் சொல்லும் சொல். அச்சொல்லை வீரய்யா தம் இறுதிநாள் வரையில் எவருக்கும் தரவில்லை. அவர் மகன் அழகுமுத்து நாற்பத்து நான்கு அகவை வரையில், தம் தலைமயிர் நரைத்த பின்னும், ஒரு வரிசை லீக்சு நடுவதற்குத் தந்தையின் முகத்தை நோக்கி நின்றார்.

அழகுமுத்துவுக்கும் அன்னம்மாவுக்கும் மக்கள் இருவர். மூத்தவன் சுமன் கொழும்பில் வன்பொருட்கடை ஒன்றில் வேலை செய்தான். இளையவள் வினோதா, ஆடை தைக்கும் ஆலையில் ஐந்தாண்டு உழைத்து, பெருந்தொற்றுக் காலத்தில் ஆலை மூடப்பட்டபோது வீடு திரும்பியவள். திரும்பியவள் பாத்தியில் இறங்கினாள். இறங்கியவள் மீண்டும் ஏறவில்லை. எருவிடுவதும் நீர் இறைப்பதும் மருந்தடிப்பதும் மூட்டை சுமப்பதும் அவளாயின; சொல் மட்டும் அழகுமுத்துவினதாகவே இருந்தது. ஐப்பசியில் தீபாவளிக்கு வீட்டினர் நால்வரும் கூடியிருந்த பகலில் அவள் அதனைக் கேட்டுவிட்டாள்.

"அப்பா, நா இங்க இருக்கணும்னா, என்னா நடணும் எப்ப நடணும்னு நாந்தான் சொல்லணும். ஒங்களுக்கு அப்பறம்னு இல்லப்பா, இப்பவே. இல்லாட்டி ஜோர்தானுக்கு ஆள் எடுக்குறாங்க, நா போயிருவேன்."

சுமன் உண்டுகொண்டிருந்த கையை நிறுத்தினான். "எனக்கு மண்ணு வேல வராதுப்பா. அவதான செய்யிறா, அவகிட்டயே குடுங்க," என்றான்.

அழகுமுத்து பிசைந்த சோற்றையே மீண்டும் பிசைந்தார். தாம் மகனாய் நின்று வெந்த ஆண்டுகளை அவர் மறந்திலர். ஆயினும், பெற்றபோது பெரிதாய்த் தோன்றிய ஒன்று, தரும்போது அதனினும் பெரிதாய்த் தோன்றியது. முடிவில், "சரி புள்ள. இனிமே ஒன் சொல்லுதான்," என்றார். அன்னம்மா நால்வருக்கும் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

மார்கழி பிறந்ததும், நாற்று வாங்குமுன், வினோதா தந்தையிடம் சென்று, "மேல் நாலு பாத்தியிலயும் கோவா போடலாம்னு இருக்கேன்பா. நீங்க என்னா சொல்றீங்க?" என்று கேட்டாள். அவர் மண்வெட்டிக் காம்புக்கு ஆப்பு அறைந்துகொண்டிருந்தார். தலைநிமிராமலே, "நா என்னா சொல்றது? ஒன் சொல்லுதானே," என்றார். அதனை இசைவென்று கொண்டு அவள் நட்டாள். மூவாயிரம் செடிக்குக் குறையாது.

தலவாக்கலையின் வேளாண்மை அலுவலகத்தில் இருந்த பெண் அலுவலர், பைக்குள் கைவிடாமல், அதனை ஒளியில் தூக்கிப் பார்த்த அளவிலேயே நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். வினோதா வீடு திரும்பியபோது மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்து, அன்னம்மா அடுப்பை மூட்டியிருந்தாள். அழகுமுத்து தேநீர்க் கோப்பையோடு அமர்ந்திருந்தார். மகள் நின்றவாறே சொன்னாள்.

"வேர்முடிச்சு நோயாம்பா. மருந்து கெடையாது. மண்ணோட சேத்துப் புடுங்கி எரிக்கணும். ஏழு வருசத்துக்கு அந்தப் பாத்தியில கோவா, நோக்கோல், முள்ளங்கி எதுவும் போடக் கூடாதுன்னுட்டாங்க."

"எல்லாத்தையுமா புடுங்கணும்? பாதிக்கு மேல நல்லாத்தான நிக்கிது," என்றார் அழகுமுத்து. "இன்னும் மூணு வாரம் தள்ளுனா உருண்டிரும். வெட்டி லொறியில ஏத்திட்டு, அப்பறம் புடுங்குவோம்."

"மூணு வாரத்துல பங்குனி மழ வந்துரும். வந்துச்சின்னா மேல் மண்ணு அப்புடியே கான்ல எறங்கி சோலமல மாமா பாத்திக்குப் போகும். அவருக்கும் கோவாதான் நிக்கிது."

"அவன் பாத்திய அவன் பாத்துக்குவான்."

அடுப்பின் பக்கமிருந்து அன்னம்மா திரும்பினாள். "என்னாங்க பேச்சு இது? நாளைக்கி அந்த மனுசன் மொகத்துல எப்புடி முழிக்கிறது?"

"அவங்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும். நம்ம மண்ணு கெட்ட மண்ணுன்னு பேராயிரும். மரக்கறி வாங்குற மொதலாளிமாரு நம்ம லீக்சக்கூடத் தொட மாட்டாங்க. ஒனக்கு வெளங்குதா புள்ள? அம்பது வருச மண்ணு!"

அவர் சொல்லியதில் பொய்யில்லை. அதனை வினோதாவும் அறிவாள். மூன்று கிழமை பொறுத்தால் பாதிச் செடியேனும் கைக்கு வரும். மழை பிந்திப் பெய்தாலும் பெய்யும். கீழ்நிலத்தார் எவரும் கேட்கப்போவதில்லை. இவையெல்லாம் பேருந்தில் வரும் வழியிலேயே அவள் எண்ணிப் பார்த்தவை. "காலையில மாமாகிட்ட நா போயி சொல்லப் போறேன்பா," என்றாள். "புடுங்குறதும் நாளைக்கே."

"அப்ப எம் பேச்சுக்கு ஒரு மதிப்பும் இல்லையா?"

"இருக்குப்பா. முழுசாக் கேட்டேன்ல? ஆனா முடிவு இதுதான்."

அழகுமுத்து கோப்பையைக் கீழே வைத்தார். அதில் தேநீர் பாதிக்குமேல் இருந்தது.

மறுநாட் காலை சோலைமலை தம் மேல்வரப்பில் நின்று கானின் நீரைப் பாத்திக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். அழகுமுத்துவைவிட ஐந்தாறு அகவை இளையவர், சொல் குறைந்தவர், கைவேலையில் விரைந்தவர். வினோதா வரப்புக்கு இப்பாலேயே நின்று, "மாமா, அந்தத் தண்ணிய எடுக்காதீங்க. எங்க மேல்பாத்தியில வேர்முடிச்சு விழுந்திருச்சி," என்றாள்.

அவர் மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணைப் போட்டு வாய்மடையை அடைத்தார். பின்னரே நிமிர்ந்தார். "எத்தன நாளா?"

"நா பாத்தது நேத்து மாமா."

"நீ பாத்தது நேத்து. நோவு வந்தது எப்ப?"

"தெரியல."

அவர் கானை அடுத்த வரிசையில் இறங்கி, பத்துச் செடிகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி வரப்பில் வரிசையாய் அடுக்கினார். ஒன்பதின் வேர்கள் பழுதின்றி இருந்தன. பத்தாவதன் வேரில், மிளகளவில் ஒரு முடிச்சு. அதனைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, மலையை ஒருமுறை அண்ணாந்து நோக்கினார். "கான எந்தப் பக்கம் திருப்பலாம்?" என்று கேட்டார். நீரை இரு நிலங்களிலும் படாமல் கிழக்கேயிருந்த பாறைப் பள்ளத்தில் விழச்செய்ய, எண்பதடி நீளத்துக்குப் புதுக்கான் வெட்டவேண்டும் என்பது இருவருக்கும் நோக்கிய அளவிலேயே விளங்கிற்று.

சோலைமலை கான் வெட்டத் தொடங்கினார். வினோதா செடி பிடுங்கத் தொடங்கினாள். அது வெறுமனே இழுத்தெறியும் வேலையன்று. வேரைச் சுற்றிய மண் சிந்தாதவாறு முள்ளுமண்வெட்டியால் அகழ்ந்து, செடியைத் தூக்கிச் சாக்கிலிட்டு, சாக்கைத் தோளேற்றி, கீழே இறக்காமல் மேலே, காட்டோரத்து வறண்ட மேட்டுக்குச் சுமந்து சென்று குவித்தல் வேண்டும். முற்பகல் கழிந்தபோது அழகுமுத்து வந்தார். பாத்தியின் தலைமாட்டில் கைகட்டி நெடும்பொழுது நின்றார். உள்ளங்கை அகல இலைகள் ஒன்றையொன்று தழுவி உருளத் தொடங்கிய செடிகள், கருவுற்ற பசுக்களைக் கொலைக்களத்துக்கு ஓட்டுவதுபோல் சாக்கினுள் செல்வதை அவர் கண்டார். பின்னர் மேற்சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு, நிறைந்திருந்த சாக்கு ஒன்றைத் தோளேற்றிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார். எவரும் அவரை அழைக்கவில்லை. எவரும் அவரைத் தடுக்கவுமில்லை.

இரண்டாம் நாள், அன்னம்மாவும் தோட்ட வேலைக்குச் செல்லாமல் வந்து கைகொடுத்தாள். இரண்டாம் பாத்தி முடிந்து, மூன்றாவதில் இறங்கியிருந்தனர். புதுக்கானின் கோடு அப்பாத்தியின் அருகே வந்திருந்தது. சோலைமலை மூச்சாற நிமிர்ந்தவர், எதிரே கிடந்த வேர் ஒன்றைக் கையிலெடுத்தார். அது முழங்கை பருமனுக்குப் புடைத்திருந்தது. "இது இந்தப் போகத்துல வந்த நோவு இல்ல," என்றார், எவரையும் நோக்காமல். "மண்ணுல பழசாக் கெடந்தாத்தான் இம்புட்டுக்கு வரும்."

அழகுமுத்து தோளிலிருந்த சாக்கை இறக்கி வைத்தார்.

"போன வருசம்," என்றார். "பொரட்டாசியில. அஞ்சாறு செடி இப்புடி வந்துச்சி. புடுங்கிக் கான்ல வீசிட்டேன். சுண்ணாம்பு தூவுனேன். போயிருச்சின்னு நெனச்சேன்."

கானில் வீசினேன் என்ற சொல் அங்கிருந்த ஒவ்வொருவர் மேலும் விழ ஒரு கணம் பிடித்தது. சோலைமலையின் முகம் கறுத்தது. அவர் மண்வெட்டியைத் தரையில் போட்டுவிட்டு, பாத்திகளின் குறுக்கே இறங்கித் தம் வீட்டை நோக்கி நடந்தார்.

வினோதா தந்தையை நோக்கினாள். "மார்கழியில நா ஒங்ககிட்ட கேட்டேன்லப்பா?"

"கேட்ட."

"அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்." அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார், அவற்றில் மண் அப்பியிருந்தது. "ஒன் சொல்லுன்னு சொல்லிட்டு வாய மூடிக்கிட்டேன். கொஞ்சம் வெக்கம். நோவு புடிச்ச மண்ணக் குடுத்தாருன்னு நீ நெனப்பியேன்னு. கொஞ்சம் கோவமுந்தான். நா நின்ன எடத்துல நீ வந்து நிக்கிறியேன்னு. ரெண்டும் இருந்துச்சி புள்ள."

அவள் நாவில் பல சொற்கள் வந்து குவிந்தன. ஆலையை விட்டு வந்த ஆண்டுகளும், செல்லாமல் விட்ட வெளிநாடும், தோள் காய்த்துப்போன தழும்பும் அச்சொற்களாய் இருந்தன. அன்னம்மா, "வினோதா," என்று மெல்ல அழைத்தாள்; அது எச்சரிக்கையா வேண்டுகோளா என்பது அழைத்தவளுக்கே தெரியாது. மகள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"லீக்ஸ் போட்டிருப்பேன்," என்றாள். "சொல்லியிருந்தா லீக்ஸ் போட்டிருப்பேம்பா. அவ்வளவுதான்."

பின்னர் அவள் குனிந்து அடுத்த செடியின் வேரைச் சுற்றி முள்ளைப் பாய்ச்சினாள். அழகுமுத்து சற்று நின்றார். அதன்பின் இறக்கிய சாக்கை மீண்டும் தோளேற்றினார்.

சோலைமலை அன்று முழுதும் வரவில்லை. மறுநாள் நண்பகலுக்குச் சற்று முன்னர் வந்து, போட்ட இடத்திலேயே கிடந்த மண்வெட்டியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினார். மன்னித்து வந்தவரல்லர், மழைக்கு முன் தம் நிலத்தைக் காக்க வந்தவர். அழகுமுத்து கானின் மறுமுனையில் இறங்கி எதிர்வெட்டாய் வெட்டிவந்தார். இருவரும் நடுவில் சந்தித்த இடத்தில், ஒருவர் மண்வெட்டி மற்றவர் மண்வெட்டியில் பட்டு ஒலித்தது. சோலைமலை மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, வினோதாவிடம் மட்டும் விடைபெற்றுச் சென்றார். அதன்பின் ஆவணி வரையில் அவர் அழகுமுத்துவோடு பேசவில்லை. பேசத் தொடங்கியபோதும் பழைய நெருக்கம் முழுதாய் மீளவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகின்றேன்.

ஆறாம் நாள் மாலை, மூவாயிரம் செடியும் மேட்டில் குவிந்து, மூன்று நாள் வெயிலில் வாடி, தீயிடப்பட்டுப் புகைந்தன. பச்சைக் கோவா எரியும் நாற்றம் லயங்கள் வரையில் சென்றது. அவ்வாறு செல்லும் நாற்றத்தை மறைக்க இயலாது. அடுத்த கிழமை மரக்கறி ஏற்ற வந்த சுமையுந்துக்காரர் அதனைக் கேள்விப்பட்டே வந்தார். கீழ்ப்பாத்திக்கு இறங்கி, லீக்சைப் பிடுங்கிப் பார்த்து, கரட்டை ஒடித்துப் பார்த்து, அவற்றுக்கு அந்நோய் வாராதென்று வினோதா சொல்லியதைத் தலவாக்கலைக்குக் கைப்பேசியில் பேசி உறுதி செய்துகொண்டு, ஏற்றிச் சென்றார். அந்தத் திங்களில் கோவாவுக்கு நல்ல விலை இருந்தது. பக்கத்துத் தோட்டங்களின் கோவா, குன்றுபோல் ஏற்றப்பட்டு, அவ்வீட்டைக் கடந்து சென்றது. அன்னம்மா இருமுறை அதனை நின்று பார்த்தாள். வினோதா ஒருமுறையும் பார்க்கவில்லை.

பங்குனி ஐந்தாம் நாள் பிற்பகல் மழை வந்தது. மலையுச்சியில் இடி உருண்டு, காற்று ஒருகணம் அடங்கி, பின்னர் வானமே சரிந்ததுபோல் பொழிந்தது. வெறுமையாய்க் கிடந்த நான்கு பாத்திகளின் செம்மண் கரைந்து, புதுக்கானில் இறங்கி, கிழக்கே திரும்பிப் பாறைப் பள்ளத்தில் வீழ்ந்தது. ஓரிடத்தில், கான் வளையும் முழங்கையில், கரை உடைந்தது. அழகுமுத்து முழங்காலளவு நீரில் இறங்கி நின்று, வினோதா எடுத்துக்கொடுத்த மண்மூட்டைகளை அடுக்கி அதனை அடைத்தார். அடைப்பதற்குள் சோலைமலையின் முதற்பாத்தியில் நீர் புகுந்துவிட்டது. அப்பாத்தியை அவர் அந்தப் போகத்தோடு கைவிட வேண்டியதாயிற்று. எஞ்சிய ஆறு பாத்திகளும் தப்பின. அவர் கோவா சித்திரையில் வெட்டப்பட்டது.

மழை விட்ட மறுநாள் பிற்பகல், வினோதா வீட்டின் முன்னே அமர்ந்து, மேல்பாத்தியில் மிதித்த காலணிகளைச் சுண்ணாம்புநீரில் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அழகுமுத்து வந்து அவள் அருகே நின்றார். ஏதோ சொல்ல வந்தவர்போல் இருமினார். உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அன்னம்மாவின் கை நின்றது.

"நாளைக்கி நா எங்க நிக்கணும் புள்ள?" என்று கேட்டார்.

வினோதா நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இருவருக்கும் அது கடினமாய் இருந்திருக்கும். "கீழ போஞ்சிக்குக் கம்பு ஊனணும்பா," என்றாள். "மேல நாலுலயும் நா மட்டும் எறங்குறேன். அங்க மிதிச்ச காலோட கீழ வரக் கூடாது. நீங்க மேல வராதீங்க."

"சரி," என்றார் அவர்.

ஐப்பசியில் உண்ணும் சோற்றுக்கிடையே சொல்லப்பட்டது ஒன்று. பங்குனியில் கேட்கப்பட்டது மற்றொன்று. தருதல் என்பது ஒரு நாளில் நிகழ்வதாய் நாம் எண்ணுகிறோம், நண்பரே. தந்தவர் தந்த பின்னும் நெடுநாள் தம் கையை முழுதாய்த் திறவாதிருத்தல் உண்டு. பெற்றவர் பெற்றதனுள் இருக்கும் நோயையும் சேர்த்தே பெறுதல் உண்டு. இரண்டும் வெளிப்பட்ட பின்னரும் ஒரே நிலத்தில் நின்று உழைக்க இசைவது அரிது. அந்த நான்கு பாத்திகளில் கோவா மீண்டும் நடப்படும் ஆண்டில் வினோதாவுக்கு முப்பத்தெட்டு ஆகியிருக்கும். அழகுமுத்து இருப்பாராயின் எழுபதைக் கடந்திருப்பார். அதனை இருவரும் தத்தம் உள்ளத்தே எண்ணிப் பார்த்திருந்தனர். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாட் காலை அழகுமுத்து கீழ்ப்பாத்தியில் கம்புகளை ஊன்றினார். நடுவரிசை கோணலாய் இருக்கிறதென்று மகள் மேலிருந்து சொன்னாள். அவர் ஒருமுறை தள்ளிநின்று பார்த்துவிட்டு, பதினோரு கம்புகளையும் பிடுங்கி, மீண்டும் ஊன்றினார்.